கருவியில் பார்த்ததாகப் போட்ட கையெழுத்து

நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

திருப்பதி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து மின்னூல் தயாரிக்கிற உங்களைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு புத்தகமும் வெளியே போகுமுன் நிரப்புகிற சோதனைப் படிவத்தில் 'கருவியில் பார்த்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வாசகர் எந்தக் கருவியில் படிக்கப் போகிறாரோ அதே கருவியில் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன் என்பது அதற்குப் பொருள். நீங்கள் புரட்டுவதில்லை. ஓய்வு பெற்ற எனக்கு வர வேண்டிய பி.எஃப். விஷயமாகப் போன மாதம் அங்கே வந்திருந்தேன். என் கண் முன்னாலேயே ஒருவர் அந்த வாரத்துக்கான எல்லாப் படிவங்களிலும் ஒரே மூச்சில் டிக் அடித்தார். திங்கட்கிழமை காலை. புத்தகங்களே இன்னும் வந்து சேரவில்லை. அடித்துவிட்டு என்னைப் பார்த்து, "டிஃபன் ஆச்சா மேடம்?" என்றார்.

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. என் காலத்தில் டிக் கிடையாது, தாளில் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் வாரம் முழுவதற்குமான வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைப்போம். வேலை முடிய முடிய மேலே புத்தகத்தின் பெயரை எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாள்கட்டில் தமிழ்ப் புத்தகங்களுக்கான கையெழுத்தெல்லாம் என்னுடையது. அப்போது அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆண்டு விழா மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னீர்கள். புதிதாக வந்தவர்களுக்கு உற்சாகமாக இருக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்றீர்கள். என்னிடம் உற்சாகம் இல்லை. இரண்டு பக்கத்துக்குள்ளும் அடங்காது. போடுவதானால் முழுதாகப் போடுங்கள்.

எனக்கு விஜயபுரம் பக்கம் ஒரு காலனி. நைனா கூலிக்குப் போனவர். எங்கள் வீடுகளில் சொந்த நிலம் என்று ஒன்று வந்ததே சர்க்கார் பட்டா கொடுத்த பிறகுதான், அதுவும் மேட்டு நிலம். பத்தாவது வரை தமிழில் படித்தேன், அதற்குமேல் தெலுங்கில். புத்தூரில் டைப்பிங் கற்றேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஓட முடியாதவர்களுக்காகவே வந்த மாதிரி திருப்பதியில் இந்தக் கம்பெனி வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மொட்டைத் தலைகள். உள்ளே வெளிநாட்டுப் புத்தகங்கள். எங்களில் யாரும் வாங்கவோ படிக்கவோ போவதில்லை என்று தெரிந்த புத்தகங்களை எழுத்தெழுத்தாக அடித்துக் கொடுத்தோம்.

பிறகு மின்னூல் வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு படிக்கும் கருவியை விற்றது. ஒன்றுக்கு ஏற்ற கோப்பு இன்னொன்றில் திறக்காது. ஒரே புத்தகத்தை நான்கைந்து விதமாகக் கட்டினோம். ஒன்றில் நிமிர்ந்து நின்றது இன்னொன்றில் விழுந்து கிடக்கும்.

ஒருமுறை ஒரு வெளிநாட்டுக் கவிதைப் புத்தகம் அப்படி விழுந்தது. ஒரு பழைய கருவியில் வரிகள் மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கவிதை மொத்தமும் ஒரே பத்தியாகிவிட்டது. எங்கோ கடல் தாண்டி ஒரு வாசகர் புகார் எழுதினார். எங்கள் முதலாளி ஒரு மணி நேரத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பினார். தவறு எங்களுடையது என்று தெளிவாக எழுதியிருந்தார். எங்களை நிற்க வைத்து வாசித்தும் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு எல்லாக் கருவிக்கும் பொதுவான விதிகள் வந்தன. புத்தகம் விதிப்படி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு மென்பொருளும் வந்தது. பிழை இல்லையென்றால் பச்சை எழுத்தில் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் வந்ததும் கற்பூரம் ஏற்றாத குறை.

சோதனைப் பிரிவில் புத்தலப்பட்டுக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். என்னைவிடச் சின்னவர். அவர் ஒருவர்தான் திங்கட்கிழமைக் கையெழுத்தைப் போட மறுத்தவர்.

"பூஜ்யம் வந்துட்ச்சில்ல, அப்புறம் இன்னாப்பா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பூஜ்யம் இன்னாத்துக்குக்கா? புக்கு ரூல்படி கட்டிக் கீதுன்னு சொல்றதுக்கு. படிக்கறவன் கைல கீற டப்பா ரூல் படிச்சிச்சா? அது எந்தக் காலத்து டப்பாவோ."

"நீ டப்பாவயே கட்டிக்கினு குடும்பம் பண்ணு."

"சரேக்கா. பொண்ணு குடுக்கறவங்க சீரா ஒரு டப்பா குடுத்தா ஆபீசுக்காவது ஆவும். நம்ம சார் வாங்க மாட்டார்."

சிரித்தோம். சார் என்று அவர் சொன்னது முதலாளியை. அலுவலகத்தில் அப்போது இருந்தது ஒரே ஒரு பெரிய டேப்லெட், அதுவும் முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அடுத்த மாதமே புத்தலப்பட்டுக்காரரைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்துப் படம் வெட்டுகிற வேலையில் போட்டார்கள். அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மாநிலம் பிரிவதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் ஒரு புத்தகம் கொடுத்தது. வேர்க்கடலை, நெல் சாகுபடிக் கையேடு. தெலுங்கில் அச்சிட்டே கொடுத்துவிட்டார்கள். எல்லையோரத் தமிழ்க் கிராமங்களுக்குத் தனியாக அச்சடிக்கிற அளவுக்கு ஆள் இல்லை என்று, தமிழில் மின்னூல். கிராமத்துக்கு ஒரு பணியாளரை வைத்து, அவர் கையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, விவசாயிகளுக்குப் படித்துச் சொல்ல வைப்பது ஏற்பாடு. என் ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அத்தனை வருடத்தில் என் ஊர்க்காரர்கள் பயன்படுத்தப் போகிற புத்தகம் அது ஒன்றுதான். வீட்டில் சொன்னேன். என் அம்மா காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள். புத்தகம் போவதற்கு முன்பே என் பேர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதில் ஒரு களை மருந்து அட்டவணை. மூன்று பத்திகள். முதலில் மருந்தின் பெயர், அடுத்து கடலைக்கு எவ்வளவு, கடைசியில் நெல்லுக்கு எவ்வளவு. நெல்லுக்கு மட்டும் உரிய மருந்தாக இருந்தால், கடலைக் கட்டத்தில் அச்சுக்காரர்கள் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள். கோடு இருந்தால் அடிக்காதே என்று அர்த்தம்.

வெளிநாட்டு வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருந்தது. கட்டங்களுக்குள் இருக்கும் வெறும் கோடுகளைத் துடைத்துவிடுவோம். காலிக் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும் என்பது அந்த வாடிக்கையாளர்களின் விதி. ஒரு பட்டனைத் தட்டினால் புத்தகம் முழுக்கக் கோடுகள் போய்விடும். கடலைக் கையேட்டுக்கும் தட்டினேன். யோசிக்கவேயில்லை. தட்டாவிட்டால்தான் யோசித்திருப்பேன். என் திரையில் அட்டவணை சுத்தமாக இருந்தது. கடலைக் கட்டம் காலி, நெல் கட்டத்தில் அளவு. பச்சைப் பூஜ்யமும் வந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. முதலாளியிடம் போனேன்.

"சார், அவங்க குடுக்கப் போற டப்பா இன்னும் வரலையே."

"வஸ்துந்தம்மா, வரும். மழை வந்துட்டுது, விதைக்கறதுக்குள்ள அவங்களுக்கு புக்கு வேணும். நம்ம டேப்லெட்ல நல்லாத்தான வருது?"

"அது பெரிசு சார். அவங்களுது சின்னதாம்."

"பெரிசுல வர்றது சின்னதுல வராதா? அதுக்குத்தானம்மா ஸ்டாண்டர்டு. ஏம் காது." ஒன்றும் ஆகாது என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

நான் பேனாவைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. கையெழுத்தைத் திங்கட்கிழமையே போட்டுவிட்டேன். மேலே புத்தகத்தின் பெயரை எழுதி நீட்டினேன். கருவியில் பார்த்தது. இப்படிக்கு நான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே மேட்டு நிலத்தில் கூட்டம் தெரிந்தது. அது முனிரத்தினத்தின் கொல்லை. எங்கள் காலனிக்காரர். பட்டா நிலத்தில் அந்த வருடம்தான் முழுக்கக் கடலை விதைத்திருந்தார். அதுவரை பாதி நிலம் கரம்பாகக் கிடந்தது.

கடலைச் செடிகள் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. இலை சுருண்டு, தண்டு வளைந்து, கொல்லை முழுக்க மஞ்சள். களை எது, பயிர் எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. நெல் வயலில் அகல இலைக் களையைக் கொல்லுகிற மருந்து அது. கடலைச் செடிக்கும் அகல இலைதான்.

நடுவில் தேவகி நின்றாள். இண்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த பெண். ஊருக்கான பணியாளர் அவள்தான். எங்கள் காலனியில் கூலி அல்லாத வேலைக்கு எனக்குப் பிறகு போனவள். கருவியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"நான் அப்பவே கேட்டனா இல்லியா?" என்றார் முனிரத்தினம். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இது நெல்லுக்கு அடிக்கற மருந்தாச்சேம்மான்னு கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க மாமா. நான் புக்கத் தெறந்து காட்டனேன். நீங்களும்தான பாத்தீங்க."

"எனக்கு இன்னா படிக்கவா வரும்? நீ படிச்சிச் சொன்ன, நான் அடிச்சேன்."

கூட்டத்தில் ஒரு பெண், "கலெக்டரு மாதிரி டப்பாவத் தூக்கிக்கினு சுத்தனா. இப்பப் படிக்கச் சொல்லு, செத்த செடி எழுந்துக்குதா பாக்கலாம்" என்றாள்.

தேவகி என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அக்கா வந்துட்ச்சி. அக்காதான் இந்தப் புக்கு போட்டது. நீயே பாத்து சொல்லுக்கா. நான் படிச்சது தப்பா?"

கருவியை என் கையில் கொடுத்தாள். அதைத் தொட்டது அன்றுதான் முதல்முறை. உள்ளங்கையளவு திரை. அட்டவணையைத் திறந்தேன். அந்த மருந்தின் பெயர். அதன் பக்கத்தில், 'கடலைக்கு' என்ற தலைப்புக்கு நேர் கீழே, அளவு. 'நெல்லுக்கு' என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆகவில்லை. அந்தக் கருவியில் இருந்த பழைய மென்பொருள், உள்ளே ஒன்றுமில்லாத கட்டத்தைக் கட்டமாகவே எண்ணவில்லை. காலிக் கட்டத்தை விழுங்கிவிட்டு, அடுத்த கட்டத்தில் இருந்த அளவை இழுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டது. நெல்லுக்கான அளவு கடலைக்கு வந்துவிட்டது. நான் துடைத்த கோடு அங்கே இருந்திருந்தால் கட்டம் நின்றிருக்கும். கருவியை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் நான் கோட்டைத் திருப்பி வைத்திருப்பேன்.

தேவகி எழுத்துக்கு எழுத்து சரியாகப் படித்திருந்தாள். சுற்றிலும் ஊர் நின்றது. நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"ஆபீஸ்ல கேட்டு சொல்றேன்."

கருவியை அவளிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்கு வகுப்பெல்லாம் நடத்துகிறார்களாம். எனக்குத் தெரிந்தவரை முடிவு எடுக்கிற நேரம் நெருக்கடி மாதிரியே தெரியாது. வாயில் வருவது மரியாதையான, சாதாரணமான வாக்கியமாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பதில் என்ன தப்பு? அதைத்தான் இத்தனை வருடமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"பூஜ்யம் வந்ததா இல்லையா?"

"வந்தது சார்."

"அப்ப ஃபைல் கரெக்ட். படிச்ச பொண்ணு தப்பாப் படிச்சிருக்கு."

"அவ சரியாத்தான் படிச்சா சார். நானே பாத்தேன்."

"நீ என்னம்மா பாத்த? பார்த்ததா கையெழுத்துப் போட்டவ நீ. நீ தப்பாப் பாத்தியா?"

பார்க்காமல் போட்ட கையெழுத்து என்று அவருக்கும் தெரியும். முதலில் கோப்பைச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன். இனி எந்தக் கருவியிலும் தப்பு நேரக் கூடாது என்று, வெறும் கோட்டுக்குப் பதிலாக அந்தக் கட்டங்களில் எல்லாம் 'கூடாது' என்று தட்டச்சு செய்தேன். பொறுப்பாகச் செய்வதாகவே நினைத்தேன். எதை மாற்றினோம் என்று சொல்லாமலே புதிய கோப்பைத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினோம். பிறகு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஊரில் படித்துக் காட்ட வேண்டும், அதனால் தமிழில் வேண்டும் என்றார். தமிழ் எழுதத் தெரிந்தவள் நான்தானே.

"கோப்பு எல்லாத் தர விதிகளுக்கும் உட்பட்டே இருக்கிறது. பயன்படுத்தியவர் அட்டவணையைத் தவறாகப் படித்திருக்கிறார்."

இரண்டு வாக்கியம். நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார், கம்பெனி முத்திரை விழுந்தது. கவிதை வரி ஒட்டிக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டவரும் அவர்தான்.

அடுத்த வாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். தொண்டு நிறுவனத்து அதிகாரிக்குத் தெலுங்குதான் தெரியும். கம்பெனி சார்பாகத் தமிழில் பேச என்னை அனுப்பினார்கள்.

பணியாளர்களின் கருவிகளை வாரம் ஒருமுறை நகரியில் இருந்த தங்கள் அலுவலகத்துக்கு வாங்கிப் போய்ப் புதிய கோப்புகளை ஏற்றித் திருப்பிக் கொடுப்பது தொண்டு நிறுவனத்தின் வழக்கம். தேவகியின் கருவியும் போய்வந்திருந்தது. அவளுக்கு அதில் என்ன ஏறியது என்று தெரியாது. எல்லார் முன்னாலும் தைரியமாக அட்டவணையைத் திறந்தாள். பள்ளிக்கூட ஆசிரியர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். மருந்தின் பெயர். கடலைக்குக் கூடாது. நெல்லுக்கு இவ்வளவு.

"அன்னிக்கி இது இல்ல சார்" என்றாள் தேவகி. "கூடாதுன்ற எழுத்தே இல்ல. இது எப்படி வந்துதுன்னு தெரியல."

ஒருவர் சிரித்தார். "ஆமா, டப்பா தானா எழுதிக்கினுச்சி."

முனிரத்தினம் எழுந்து அவள் பக்கத்தில் போனார். "அவ்ளோ தெளிவா எழுதிக் கீதாமேம்மா. கூடாதுன்னு எழுதிக் கீதாமே. அதயா நீ எனக்கு அடிக்கலாம்னு படிச்ச?"

"மாமா, சத்தியமா இல்ல மாமா." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ கையில வாங்கிப் பாத்த இல்ல? சொல்லுக்கா. அன்னிக்கி எப்படி இருந்திச்சின்னு சொல்லு."

நான் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். இரண்டு வாக்கியத்தையும் படித்தேன்.

அந்தப் பெண்ணின் வேலை அன்றே போனது. வேலை போனதுகூடப் பெரிதில்லை. ஊரில் அவளுக்குக் 'கருக்கனவ', பயிரைக் கருக்கியவள், என்று பெயர் வந்தது. கண்ணெதிரே எழுதியிருப்பதைக்கூடப் படிக்கத் தெரியாதவள், தெரிந்தும் பொய் சொன்னவள், இரண்டில் ஒன்றாகத்தான் அவள் இருக்க முடியும் என்று ஊர் முடிவு செய்தது. முனிரத்தினம் அந்த வருடம் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். தேவகி தடா பக்கம் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். ஊருக்கு வருவதேயில்லை.

திட்டம் முடிந்ததும் அந்தக் கருவிகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு அழிக்க அனுப்பினார்கள். அழிக்கிற வேலையும் எனக்குத்தான் வந்தது. ஒரு கருவியில் மட்டும் பழைய கோப்பு அப்படியே இருந்தது. யாரோ ஒரு பணியாளர் அதை நகரிக்குக் கொடுக்காமலே விட்டிருக்கிறார். அதில் அட்டவணையைத் திறந்தேன். கடலைக்கு நேர் கீழே அளவு. அந்தக் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு நான் நியாயத்துக்காகப் போராடினேன் என்று நினைக்காதீர்கள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஓய்வு பெறுகிற வரை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். உங்களில் சிலருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

இந்த வருடம் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் தேவகியைப் பார்த்தேன். தலையில் நரை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. எனக்குத் தெரியாதவள் மாதிரி போயிருக்கலாம், போகவில்லை. பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தேவகி, அன்னிக்கி நீ படிச்சது சரி" என்றேன். "அந்தக் கூடாது அப்புறமா நான் போட்டது."

அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து மூடினாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"என் கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி? பாத்தது எனக்குத் தெரியாதா? கொல்லமேட்டுல நீ மூஞ்சத் திருப்பிக்கினு போனியே, யாரு போட்டதுன்னு அதுலயே தெரிஞ்சிபூட்ச்சி. என்கிட்ட இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீற? தெரியாதவங்க ஊர்ல கீறாங்க. அங்க போய் சொல்லு."

அவளுடைய பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "எதுனா துன்னியாக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டாள்.

ஊருக்குப் போனேன். முனிரத்தினம் இப்போது வீட்டோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கருவியைக் காட்டினேன். கையில் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இப்ப சொல்ற" என்றார். "அன்னிக்கி லெட்டர் படிச்சதும் நீதான். எதும்மா நெசம்? லெட்டர்ல கம்பெனி சீலு இருந்திச்சி. சீலு போட்டவன் வந்து சொல்லட்டும், நான் அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிக்கறேன்."

என் சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு. நான் சம்பாதித்த மதிப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு: கருவி வரவில்லையென்றால் 'கருவியில் பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவள். அப்படிக் காப்பாற்றிய வேலையில் ஒரு நாள்கூட நன்றாக இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். தப்பு வெளியே தெரிந்தால் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று எழுதி அனுப்பிவிட்டு மாற்றுங்கள். நீங்கள் சத்தமில்லாமல் திருத்துகிற ஒரு சொல் எங்கோ ஒருத்தியைப் பொய்க்காரியாக்கும்.

இனி முதலாளிக்கு. அவருக்குத் தமிழ் படிக்க வராது. உங்களில் பாதிப் பேருக்கு இப்போது தமிழ் தெரியும். யாராவது படித்துச் சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள், எதையும் துடைக்காமல்.

சார், தர விதிகளைப் பற்றி நீங்கள் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே புத்தகம், வாசகரை ஏமாற்றாத புத்தகம் என்கிறீர்கள். ஆண்டு விழாவிலும் பேசுவீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சின்னக் கருவியைக் கொண்டுவருகிறேன், பழைய கோப்பு அதில் அப்படியே இருக்கிறது. முனிரத்தினத்தை அழைத்து வருகிறேன். தேவகிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

என் கையெழுத்து பொய். அதை அதே மைக்கில் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தது நீங்கள். அட்டவணையைப் பெரிய திரையில் போடுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, எண் தெரிந்தால் போதும். கடலை எந்தத் தலைப்பு, நெல் எந்தத் தலைப்பு என்று நான் காட்டுகிறேன். அந்த அளவு எந்தத் தலைப்புக்குக் கீழே நிற்கிறது? தேவகி படித்தது சரியா, தப்பா? கவிதைக்காரருக்குப் பதில் எழுத உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இவளுக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.